வியாழக்கிழமை ஆள்

“வந்துட்டா பாரு உன் ஆளு!” என்றாள் எதிர்க்கடை நெலிதா, கொதிக்கும் எண்ணெயில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. “கொட்டுற மழையில ஒருத்தி வர்றான்னா அது நகைக்காகவா? சட்டைப் பொத்தானையாவது ஒழுங்காப் போடுய்யா.”

எவாரிஸ்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. மொந்தேவிதேயோ நகரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முப்பது வருடம் பழைய நகைகளும் கடிகாரங்களும் வாங்கி விற்றதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரைக் குச்சியால் தள்ளித் தள்ளிக் காலையிலேயே தோளும் விட்டுப்போயிருந்தது.

அந்த அம்மாள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும், கண்ணாடிப் பெட்டியில் இருந்த பாக்கெட் கடிகாரத்தை எடுத்து விரிப்புத் துணிக்கு அடியில் தள்ளினார்.

காரணம் இருந்தது. இரண்டு மாதத்தில் அவள் நான்கு பொருள் வாங்கியிருந்தாள். முத்துத் தோடு, சிப்பியில் முகம் செதுக்கிய ப்ரோச், பெண்கள் கட்டும் சின்னத் தங்கக் கைக்கடிகாரம், ஒரு சங்கிலி. இந்தப் பாக்கெட் கடிகாரத்தைப் போலவே நான்கும் ஒரே ஆள் கொண்டுவந்து விற்றவை. வியாழக்கிழமைகளில் எவாரிஸ்தோவின் வீட்டுக் கதவைத் தட்டுபவன். மற்ற எதையும் அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பேரமும் பேசியதில்லை.

வாங்கி முடித்ததும், “இதைக் கொண்டுவந்த ஆளு...” என்று ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பாள். “அதெல்லாம் சொல்றதில்லம்மா” என்று எவாரிஸ்தோ வெட்டிவிடுவார்.

பழம்பொருள் சேர்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று முடிவு கட்டிவிட்டார். ஏதோ பெரிய வீட்டுச் சொத்து ஒவ்வொன்றாய் வெளியே வருகிறது. எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. ஆள் அகப்பட்டால் மீதியை அவனிடமே நேராக அள்ளிக்கொள்வாள். ஆயுசில் ஒரு தடவையாவது தான் முந்திக்கொள்ளலாமே என்றுதான் கடிகாரத்தை ஒளித்தார்.

அந்த ஊர்க்காரர்கள் வழக்கப்படி கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு அவள் வந்து நின்றாள். செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இப்படி நனைஞ்சுக்கிட்டு வரணுமாம்மா?”

“வீட்டுல இருந்தா மட்டும் என்ன வாழுது” என்றவளின் கை, முப்பது மோதிரங்களுக்கு நடுவே ஊதாக்கல் மோதிரத்தை எடுத்தது. வியாழக்கிழமை ஆள் விற்றதேதான்.

“விரல்ல போட்டுப் பாருங்க. அளவு சேரலன்னா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“சேரும்” என்று போட்டுப் பார்க்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஆம்பளைங்க பாக்கெட் கடிகாரம் ஒண்ணு வந்திருக்கணுமே? மூடி போட்டது.”

எவாரிஸ்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரு சொன்னது? அப்படி எதுவும் வரலையே.”

“சரி. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்.”

சொன்னாளே தவிர, கிளம்பவில்லை. அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த பழப்பெட்டியில் மெல்ல உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எழுந்து பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டுமே என்ற மலைப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த மலைப்பு எவாரிஸ்தோவுக்குப் பழக்கமானது. தினமும் காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கும்போது அவருக்கும் வரும்.

பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது. துணியை விலக்கிக் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. எனக்குன்னு வெச்சிருந்தேன். நீங்களே எடுத்துக்குங்க.”

வியாழக்கிழமை அதன் பின்மூடியைத் திறக்க அவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தார். அவள் பார்க்காமலே ஓரிடத்தில் நகத்தைக் கொடுத்தாள், மூடி திறந்துகொண்டது. செய்தவர் பெயரைப் படிக்கவில்லை, உள்ளே இருக்கும் இயந்திரத்தையும் பார்க்கவில்லை. காதில் ஒரு தடவை வைத்துக் கேட்டுவிட்டு மூடினாள்.

“இதைக் கொண்டுவந்த ஆளு...”

“மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா!” எவாரிஸ்தோ பக்கத்து ஸ்டூலில் சரிந்தார். “விக்கிறவன் பேரை வாங்குறவங்ககிட்ட சொன்னா எங்க பொழைப்பு என்னாகிறது? ஒண்ணு வேணா சொல்றேன், பயப்படாம வாங்குங்க. திருட்டுச் சரக்கு இல்ல. அவனைப் பெத்தவ செத்துட்டாளாம். வீட்டைக் காலி பண்றான்.”

“எப்ப செத்தாளாம்?”

“ஏப்ரல்ல. நெஞ்சுவலியாம். சொல்லும்போதே அழுதுட்டான், பாவம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அவள் கடிகாரத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தார்ப்பாயின் விளிம்பிலிருந்து தண்ணீர் கோடாக விழுந்துகொண்டிருந்தது. நெலிதா சுடச்சுட ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். அந்த அம்மாள் அதை வாங்கினாள், சாப்பிடவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குளிர் காய்ந்தாள்.

“நீங்க எத்தனை வாரம் வந்தாலும் அவன் பேரை நான் சொல்ல மாட்டேம்மா” என்றார் எவாரிஸ்தோ, கொஞ்சம் தணிந்த குரலில். “அதை மட்டும் கேக்காதீங்க.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பேரு வேண்டாங்க, அதை வெச்சவளே நான்தான். இளைச்சிருந்தானா, அதை மட்டும் சொல்லுங்க.”