நாலு எண்ணும் வரை

“எங்கேயிருந்து வருகிறீர்கள்?” என்று ஜெர்மனில் கேட்டான் பந்து பொறுக்குகிறவன்.

“பம்பாய்” என்றார் மேற்கு மாம்பலம் ராகவேந்திரன்.

டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானம். அதன் ஓரத்தில், புதியவர்கள் வரிசையாக நின்று பந்தடித்துப் பழகுகிற இடம். ராகவேந்திரன் அங்கே வந்த முதல் நாள் அது. ஒரு கூடைப் பந்தை அப்போதுதான் அடித்து முடித்திருந்தார்.

பின்னால் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் போட்டதைப் போட்டபடி ஓடி வந்து, வாயெல்லாம் பல்லாக நின்றான். இவர் வயதுதான் இருக்கும். பச்சைச் சட்டையில் ‘மரியரட்ணம்’ என்று பெயர் குத்தியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் ராகவேந்திரன் பம்பாய்க்காரரானார்.

“வீட்டில் பேசுவது இந்தி” என்று கேட்காததற்கும் பதில் சொன்னார்.

“ஓ, பம்பாய். நல்ல ஊர்” என்றான் மரியரட்ணம். சிரிப்பு பாதியில் நின்றது. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து இதைச் சாமர்த்தியமாகச் சொன்னார் ராகவேந்திரன். மனைவி ஸ்ரீநிதி பாராட்டவில்லை.

“தமிழ்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?”

“உனக்குப் புரியாது. சிலோன் ஆளு. தெரிஞ்சா பக்கத்துலயே வந்து நிப்பான். கெஸ்லர் பார்த்தார்னா என்னையும் அந்த செட்டுல சேர்த்துடுவார்.”

“எந்த செட்டு?”

“பந்து பொறுக்கற செட்டு.”

“நீங்க அடிக்கற அடிக்கு, தனியா உங்களுக்குன்னே ஒருத்தர் பொறுக்கணும்” என்று சொல்லிவிட்டு சாம்பாரைக் கிளறப் போனாள்.

டாக்டர் கெஸ்லர், ராகவேந்திரனின் ஆய்வகத் தலைவர். ராகவேந்திரனின் வேலை செப்டம்பரோடு முடிகிறது. அதை நீட்டிப்பது பற்றி கெஸ்லர் ஆபீசில் வாயே திறக்க மாட்டார். முக்கியமான எதையும் அவர் சனிக்கிழமை கோல்ஃப் ஆடும்போதுதான் பேசுவார். ஆட்டத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் பரீட்சை எழுதி, அடித்துக் காட்டி, சான்றிதழ் வாங்க வேண்டும். விளையாடுவதற்கும் லைசென்ஸ் கேட்கிற தேசம். ராகவேந்திரன் எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அடித்துக் காட்டுவதில்தான் கோளாறு.

பந்து நேரே போக மாட்டேன் என்றது. வலப்பக்கம் ஒரு ஏரி இருந்தது. அங்கேதான் போயிற்று.

“அவசரப்படுகிறீர்கள். எண்ணி அடியுங்கள்” என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். மட்டையைப் பின்னால் தூக்க ஒன்று, உச்சியில் நிறுத்த இரண்டு, இறக்கி அடிக்க மூன்று. ராகவேந்திரன் எண்ணினார். கணக்கையெல்லாம் ஆங்கிலத்தில் போடுகிறவருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு மட்டும் மாம்பலத்திலிருந்துதான் வந்தது.

தினமும் சாயங்காலம் போனார். மரியரட்ணம் அதற்குப் பிறகு கிட்டே வரவேயில்லை. எதிர்ப்பட்டால் ஜெர்மனில் ஒரு வணக்கம், அவ்வளவுதான். தப்பித்தோம் என்று ராகவேந்திரன் நிம்மதியாக ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது மரியரட்ணம் கூடையோடு நின்றான். ஜெர்மனில், பாதி வினைச்சொற்களை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

“மன்னிக்கவும். மூன்றில் தலை மேலே. பந்து எங்கே என்று பார்க்கிறீர்கள். கூடாது. நாலு வரை தலை கீழே.”

ராகவேந்திரனுக்குச் சுருக்கென்றது. பந்து பொறுக்குகிறவன் எனக்குப் பாடம் எடுப்பதா? ‘ஜெர்மன்காரன் சொல்லியே வராதது இவன் சொல்லி வந்துவிடுமோ’ என்று நினைத்துக்கொண்டார். அவன் அந்தப் பக்கம் போனதும் நாலு வரை எண்ணிப் பார்த்தார்.

பந்து நேரே போயிற்று.

இன்னொன்று அடித்தார். அதுவும் நேரே. அன்று ஏரிக்கு விடுமுறை.

பரீட்சை நாளன்று கெஸ்லரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். ராகவேந்திரன் பந்தின் முன் நின்று மட்டையைச் சரிபார்க்கிற நேரத்தில், கூடைகளோடு போன மரியரட்ணத்தைக் கெஸ்லர் கைகாட்டினார்.

“இவர் உங்கள் ஊர்க்காரரா? ஒரே சாயலாக இருக்கிறீர்களே?”

ராகவேந்திரனுக்குச் செப்டம்பர் கண்முன் வந்தது.

“இல்லை, டாக்டர்” என்று மரியரட்ணம் ஜெர்மனில் முந்திக்கொண்டான். “அவர் பம்பாய். நான் யாழ்ப்பாணம். நிறையத் தூரம்.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். ராகவேந்திரன் மூச்சு விட்டார். உதட்டுக்குள் நாலு எண்ணினார். பந்து, கோடு போட்ட மாதிரி போயிற்று.

“பிரமாதம்! இந்தச் சனிக்கிழமை வந்துவிடுங்கள்” என்று தோளைத் தட்டினார் கெஸ்லர். “செப்டம்பருக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று ஆடிக்கொண்டே பேசுவோம்.”

எல்லோரும் போன பிறகு, பந்து கழுவுகிற கொட்டகைக்குத் தனியாகப் போனார் ராகவேந்திரன். மனசு உறுத்தியது. நன்றி சொல்ல வேண்டும். சொன்னார், அப்போதும் ஜெர்மனில்தான்.

“டாங்கே.”

மரியரட்ணம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

“சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் கவனம் அண்ணை. நாலையும் மனசுக்குள்ள எண்ணுங்கோ. பெரியவருக்குப் பக்கத்தில நிண்டு விளையாடேக்க கேட்டிடும்.”

ராகவேந்திரனின் கையிலிருந்து மட்டை நழுவி விழுந்தது.

“எ... எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“முதல் நாளே நீங்கள் எண்ணினது கேட்டது. அதுதானே அண்ணை, அண்டைக்கு அப்பிடி ஓடி வந்தனான்.”