ஆடாத காந்தாரம்

வீட்டிலேயே சாக்ஸபோன் பதிவு செய்ய ஒலியைத் தானே திருத்தும் மூன்று நவீன மைக் இரவல் வாங்கி, மூன்றிலும் ஒரே தோடி ராகத்தை வாசித்தேன். தோடியில் காந்தார ஸ்வரம் அசைந்து ஆடியே ஆக வேண்டும். முதல் மைக் அந்த ஆட்டத்தைத் தடுமாற்றம் என்று நேராக்கி வைத்திருந்தது. இரண்டாவது, என் மூச்சை இரைச்சல் என்று துடைத்திருந்தது. மூன்றாவது இரண்டு அக்கிரமத்தையும் சேர்த்தே செய்திருந்தது.

அந்த மூன்றாவது மைக்கிலேயே அதன் கம்பெனிக்குப் புகார் கத்திப் பதிவு செய்து அனுப்பினேன்: "ஆடலேன்னா அது காந்தாரமாடா? என் மூச்சுல கைவைக்க நீங்க யாருடா?"

உடனே பதில் வந்தது: "பாராட்டுக்கு நன்றி, திரு. அருமைநாதன்."

அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன். என் குரலேதான். "காந்தாரம் பிரமாதம் சார். மூச்சைத் தாராளமா எடுத்துக்குங்க."

உள்ளேயிருந்து என் மனைவி பொற்கொடி கேட்டாள்: "யாருங்க அது, உங்க குரல்ல குழையறது?"