ஏழாவது டேக்

முதல் காட்சியிலேயே கூட்டம் அழ ஆரம்பித்துவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற ஆனந்தன் ஓடையில் வழுக்கி விழுந்து, எழுந்து, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற காட்சி அது.

இயக்குநர் கோகுலகிருஷ்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. எத்தனையோ நாட்டுப் பட விழாக்களில் ஓடிப் பரிசு வாங்கிய படம். அங்கெல்லாம் கடைசிக் காட்சிக்குத்தான் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் காட்சிக்கே அழுதவர்கள் யாரும் இல்லை. நம்ம ஜனங்களுக்கு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டார்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாடு என்கிற பகுதியில், ஒரு கிராமத்தில் எடுத்த படம். நடித்தவர்களுக்கே போட்டுக் காட்டாவிட்டால் எப்படி? பள்ளிக்கூட ஜன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்து, பட்டப்பகலில் திரை கட்டியாயிற்று. அடிவாரத்து ஆலங்காயத்தில் ஏறிய ஜீப் பாதி மலையில் மக்கர் செய்ததில், வந்ததும் வராததுமாகப் படத்தைப் போட வேண்டியதாகிவிட்டது. யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேச நேரமில்லை.

கதாநாயகனாக நடித்த ஆனந்தனை மட்டும் காணோம். கீழேயிருந்து நாலைந்து தடவை போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை. மலையில் டவர் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பது அவருக்குத் தெரிந்ததுதான்.

கடைசிக் காட்சி வந்தது. தோளில் பையை மாட்டிய ஆனந்தன், வாசலில் நிற்கிற தாயிடம் "போறேன்" என்கிறான். திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கி மறைகிறான். அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தன.

இங்கே ஒரு கைதட்டல்கூட இல்லை. தார்ப்பாயை விலக்கியதும் ஒவ்வொருவராக எழுந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்கள். ஆனந்தனைப் பெற்ற பச்சையம்மா மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

படம் எப்படி என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்திச்சிங்க சார். முடிவுதான் சரியில்லீங்க."

கோகுலகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. பெரிய பெரிய விமர்சகர்களே வாயடைத்துப்போன முடிவு. அதைப்போய், இதுவரை மொத்தமாக நாலு படம் பார்த்திருப்பாளா, இவள் சரியில்லை என்கிறாள். என்ன சரியில்லை என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டார்.

"வூட்ட வுட்டுக் கெளம்புறவன் போறேன்னு சொல்லுவானா சார்? போய்ட்டு வர்றேன்னுதான சொல்லணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயும் மகனும் ஒரே அச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு ஆனந்தன் படுத்திய பாடு கொஞ்சமா? ஆறு டேக்கிலும் "போய்ட்டு வர்றேம்மா" என்றே சொன்னான். அதுவும் தாயாக நடித்த சென்னை நடிகையிடம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பச்சையம்மாவைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

கடைசியில் கோகுலகிருஷ்ணன்தான், நீங்கள் நின்றால் அவனுக்கு நடிப்பு வராது என்று அவளைப் பலா மரத்துக்கு அப்பால் அனுப்பிவைத்தார். ஏழாவது டேக் ஓகே ஆனது.

அதையெல்லாம் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். கதையில் அவன் இனி ஊர் திரும்பப் போவதில்லை, அதனால் வர்றேன் என்று சொன்னால் பொருந்தாது. சகுனம் பார்த்தால் சினிமா எடுக்க முடியுமா என்றும் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"அது கெடக்கட்டும்மா. ஆனந்தன் எங்க? அவன் படம் பாக்க வேணாமா?"

"அவன் போய்ட்டானுங்க."

குடகுக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போகப்போவதாகப் படப்பிடிப்பிலேயே அவன் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வந்தால் அவசியம் தன்னிடம் பேசச் சொல்லும்படி சொல்லிவிட்டு, புரொஜெக்டரைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். பச்சையம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். ஏதோ கேட்க வந்து கேட்க முடியாமல் தவிக்கிறாள் என்பது தெரிந்தது.

"அந்த ஆறு வாட்டி எடுத்தது இருக்குதுங்களா சார்? அழிச்சிட்டீங்களா?"

சென்னை ஆபீசில் பத்திரமாக இருக்கிறது என்றார். விட்டால் இவள் படத்தின் முடிவையே மாற்றச் சொல்வாள் போலிருக்கிறதே என்று அவருக்குப் பயமாகவும் இருந்தது. படம் உலகம் முழுக்கப் போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

"மாத்த வேணாம் சார். ஒங்க படம் அப்பிடியே இருக்கட்டும். அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு இதுல போட்டுக் குடுங்க."

இடுப்பிலிருந்து ஒரு செல்போனை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். மூலையில் விரிசல், முதுகில் பாதி உரிந்த மயில் ஸ்டிக்கர். கோகுலகிருஷ்ணனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனந்தனின் போன்.

"இத வுட்டுட்டா வேலைக்குப் போனான்?"

பச்சையம்மா திரையைப் பார்த்தே சொன்னாள்.

"நான் சந்தைக்குப் போன நேரத்துல, சொல்லிக்காமலே கெளம்பிட்டான் சார். பொணமாத்தான் வந்தான்."