பூங்கோதை தூக்கிய கை

போர் முடிந்து முதலாளி ஓடிய பிறகு, நூற்பாலை தொழிலாளர் மன்றத்தின் வசம் வந்திருந்தது. அவரவர் மனத்தைக் கணித்து, மன்றத்தில் வைத்த இயந்திரமே அவர்களுக்காக ஓட்டுப் போட்டுவிடுவதால், கூட்டத்தில் யாரும் கை தூக்குவதில்லை. குழந்தைகள் காப்பகத்தை மூட எல்லோரும் சம்மதித்ததாக இயந்திரம் தந்த முடிவைப் பிரதிநிதி கதிர்வேல் வாசித்ததும், அவன் மனைவி பூங்கோதை எழுந்தாள். மகளை அங்கே விட்டுத்தான் அவள் வேலைக்கு வருகிறாள்.

"நான் எப்பங்க சம்மதிச்சேன்?"

"பத்து வருசமா நீ எம் பேச்சைத் தட்டுனதில்லைன்னு மிஷினுக்குத் தெரியும் புள்ள. உக்காரு, வூட்டுல பேசிக்கலாம்."

"வூட்டுல பேசுனா ஓட்டாகாதுங்க. பிரதிநிதியை எப்ப வேணா இறக்கலாம்னு நாமதான சட்டம் போட்டோம்? உங்களை இறக்கக் கை தூக்கறேன். சோறு எப்பவும்போல போடுவேன், பயப்படாதீங்க."

சிரித்துக்கொண்டே பெண்கள் கை தூக்கினார்கள். எண்ணிப் பழகியவர் எவருமில்லாததால் கதிர்வேலே எண்ணினான். நூற்றிருபது பேர் கொண்ட மன்றத்தில் அறுபத்தொன்று வரை வந்தும் கைகள் தீரவில்லை.