பெரியவள் கேட்ட அறை

"எனக்கு அந்தத் தோட்டத்து ரூம் வேணும். இன்னைக்கே வேணும்" என்றாள் பெரியவள்.

சாப்பாட்டு மேஜையில் அவள் புருஷனும் அவன் தம்பியும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

தம்பி பெண்டாட்டிக்கு, அதாவது சின்னவளுக்கு, இது ஏழாம் மாசம். இதற்கு முன்னால் ரெண்டு தடவை தங்காமல் போயிருந்தது. "நல்லாத் தூங்கணும். பயப்படற மாதிரி எதுவும் காதுல விழவே கூடாது" என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவளைப் போய் ரூமை விட்டுக் கிளம்பச் சொல்கிறாளே ஒரு ஓரகத்தி, அது என்ன நெஞ்சோ!

"எனக்குக் கை கால் குடைச்சல். அங்க வெயில் நல்லா வருது. நீ எங்க ரூமுக்குப் போயிடு. எங்க கட்டில் அங்கயே கிடக்கட்டும், நீயே படுத்துக்கோ."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"அண்ணி கேட்டா குடுத்துடேன்" என்றான்.

நல்லா வந்து வாய்ச்சான் எனக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது. வீட்டில் மற்ற அறைகள் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கும். அது மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கும். கதவைச் சாத்தினால் சாத்திக்கொள்ளாது. மெதுவாகத் தானே திறந்துகொள்ளும். "வாங்க, வாங்க" என்று கண்ணுக்குத் தெரியாத யாரையோ உள்ளே கூப்பிடுவாள் சின்னவள். நூல்கண்டு கை தவறி விழுந்தால் உருண்டுகொண்டே தோட்டத்து மூலைக்குப் போய்ச் சேரும். ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் படிப்படியாக இறங்கியிருந்தது. மத்தியானம் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பாள். அந்தப் படியில் தன் பிள்ளை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கி வருவதாக நினைத்துக்கொள்வாள். அப்படியே கண் சொருகிவிடும்.

"இந்த ரூமுக்கு உயிர் இருக்கு" என்பாள்.

"உனக்குத்தான் மூளை இல்லை" என்பான் புருஷன்.

போன மாசம் பெரியவள் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தாள். வெள்ளையடிப்பதற்காகச் சுவரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று சொன்னாள். அவர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். வெள்ளையடிக்கக் கண்ணாடி எதற்கென்று சின்னவள் கேட்கவில்லை. காலை வெயில் அதில் பட்டுக் கூரையில் ஒரு வெளிச்சம் ஆடும். அவளுக்கு அது போதும்.

பெரியவள் அறையைக் கேட்ட அன்று காலையில் அந்தக் கண்ணாடி ரெண்டாக உடைந்திருந்தது. பெரியவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனது.

உடைச்சதும் இல்லாமல் ரூமையும் கேட்கிறாளே, அடிப்பாவி!

பொழுது சாய்வதற்குள் இடம் மாறியாகிவிட்டது. புது அறையில் கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. நூல்கண்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. என்ன ரூம் இது, மரக்கட்டை! படுத்ததும் ஓரகத்தியைத் திட்ட ஆரம்பிப்பாள். அவள் நடை, அவள் சிரிப்பு, அவள் கை கால் குடைச்சல் என்று வரிசையாக வரும். பாதியிலேயே தூங்கிப் போவாள்.

ஒருநாள் மழை விட்டிருந்தது. பெரியவள் அப்படி என்னதான் குடித்தனம் பண்ணுகிறாள் என்று பார்க்கத் தோட்டத்துப் பக்கம் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கட்டில் இல்லை. பாய் இல்லை. துணிமணி ஒன்றுமில்லை. தரைக்கும் கூரைக்கும் நடுவே பருத்த மரக்கம்பங்கள் முட்டுக் கொடுத்து நின்றன. விரிசலில் இப்போது விரலை நுழைக்கலாம்.

"அம்மா! சுவர்கிட்ட நிக்காதீங்க, தள்ளி வாங்க!"

முட்டுகளைப் பார்க்க வந்திருந்த இன்ஜினியர் பின்னால் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"இந்த மூலையில ஒரு கிணறு இருந்திருக்கும்மா. அரைகுறையா மூடிட்டு மேல கட்டிட்டாங்க. அஸ்திவாரம் இறங்குது. கதவு சாத்த மாட்டேங்குது, தரை சாயுது, விரிசல் படிப்படியா இறங்குதுன்னா வேற என்ன? இறங்கறது நின்னுடுச்சா, இன்னும் இறங்குதான்னு பார்க்கத்தான் கண்ணாடியை ஒட்டினேன். உடைஞ்சுடுச்சுன்னு உங்க அக்கா போன்ல சொன்னாங்க. ஒரு நிமிஷம்கூட அங்க யாரும் இருக்கக் கூடாதுன்னேன். மழை ஓய்ஞ்சு மண்ணு காஞ்சாத்தான் தோண்டிச் சரி பண்ண முடியும்."

சின்னவளின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அப்போ, அக்காவும் மாமாவும் இங்க படுக்கறதில்லையா?"

"இங்கயா? தெரிஞ்சே யாரும்மா படுப்பாங்க?"

சாமான் ரூமில் டின்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே பெரியவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

பெரியவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டாரா? அந்த மனுஷன் வாயில எதுவும் நிக்காதே!"

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை நான் என்னென்ன திட்டினேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரூமை விட்டு வந்திருப்பேனே அக்கா. எதுக்கு இப்படிக் கெட்ட பேரு வாங்கிக்கிட்டீங்க?"

"வந்திருப்பே. வந்து, இந்தச் சுவரும் விழுந்துடுமோன்னு முழிச்சுக்கிட்டே கிடந்திருப்பே." பெரியவள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "வீட்டைப் பார்த்துப் பயந்தா தூக்கம் வராதுடி. ஓரகத்தியைத் திட்டிக்கிட்டே படுத்தா எப்பேர்ப்பட்டவளுக்கும் சுகமாத் தூக்கம் வரும்."