பச்சையில் விழுந்த புள்ளி

தராசின் கொக்கியில் பிள்ளை கிடந்த துணித்தொட்டிலை மாட்டிவிட்டு, கையை எடுக்கச் சொன்னார் நர்சம்மா.

பெற்றவளுக்கு மனம் வரவில்லை.

"விடும்மா. விழமாட்டா."

விட்டாள்.

முள் நடுங்கியது.

பிறந்தபோது மித்ரா இரண்டு கிலோ தொள்ளாயிரம். பதினெட்டாம் நாள் இரண்டு கிலோ முந்நூறு. கண்ணெல்லாம் மஞ்சள். குடித்ததையெல்லாம் கக்கினாள். அழக்கூடத் தெம்பில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாலில் உள்ள சர்க்கரை இந்தப் பிள்ளையின் உடம்புக்கு விஷம் என்றார் டாக்டர். பிறவியிலேயே வருவது, அபூர்வம். மாட்டுப்பால் கூடாது.

தாய்ப்பாலும் கூடாது.

"எம்பாலா சார் ஆகாது?"

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் பொறுமையாகத் தலையசைத்தார். சோயாவில் செய்த பால்மாவு ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தாள். மார்பு கட்டிக்கொண்டது. பிள்ளை சிணுங்கினாலே நைட்டி நனைந்தது.

நனைந்த துணியோடு அடுப்படியில் நின்று, கொதித்து ஆறிய தண்ணீரில் சோயா மாவைக் கரைத்தாள்.

ஒரு நாளுக்கு எட்டு முறை.

பக்கத்து வீட்டில்தான் பவளக்கொடி. மித்ராவின் அப்பாவுக்கு அக்கா. ஜன்னல் வழியே எல்லாம் பார்த்தாள்.

"பெத்தவ பால விட அந்த மொச்சத் தண்ணி ஒசத்தியாக்கும்?"

இன்னொரு நாள் வாசலுக்கே வந்தாள். "சோயா குடிக்கிற பொட்டப்புள்ள ஒம்பது வயசுலயே ஆளாயிரும்னு போன்ல போட்டிருக்கான்."

அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள் அவள். அதற்கு நிரூபணம் இல்லை, இந்தப் பிள்ளைக்கு இதுதான் மருந்து என்றிருந்தார்.

"ஒம்பது வயசு வரட்டும் மதினி."

குலதெய்வக் கோயிலில் யாரோ பிள்ளையின் வாயில் பால்பாயசம் தடவ வந்தபோது, அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள் அவள். அன்று சொந்தத்தில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

மாதாமாதம் எடை குறிக்கும் அங்கன்வாடி அட்டையில் முதல் நான்கு மாதமும் புள்ளி சிவப்பில் விழுந்தது. பிறகு மஞ்சளில். போன மாதம்கூட மஞ்சள்தான்.

முள் நின்றது.

நர்சம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஏழு கிலோ இருநூறு."

அட்டையில் புள்ளி வைத்தார்.

பச்சை.

அங்கன்வாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தாய்மார்களில் ஒருத்தி கைதட்டினாள். ஏனென்று தெரியாமலே மற்றவர்களும் தட்டினார்கள். தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்த மித்ராவும் தட்டினாள்.

பெற்றவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் சிரித்தாள். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பிள்ளையைத் தொட்டிலோடு அள்ளி, கழுத்தில் முகம் புதைத்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே பவளக்கொடி நின்றிருந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். பிரஷர் பார்க்க வந்திருந்தாள்.

அட்டையை வாங்கினாள். பச்சைப் பட்டையில் இருந்த அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவினாள்.

பவளக்கொடிக்கு இதற்கு முன் இரண்டு பிறந்தன. இரண்டும் முப்பது நாள் தாண்டவில்லை. வீட்டுக்குத் தோஷம் என்றார்கள். வளைகாப்புகளுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"எம்பிள்ளைகளும் இப்பிடித்தான் மஞ்சளாக் கெடந்துச்சுக" என்றாள். "நான் பால் மட்டுந்தான குடுத்தேன்..."

அவள் மித்ராவை நாத்தனாரின் இடுப்புக்கு மாற்றினாள். மித்ரா அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

"நல்ல கனம்" என்றாள் பவளக்கொடி.

"கனந்தான் மதினி."

இருவரும் வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போகும் தெரு இடப்பக்கம்.

வலப்பக்கம் மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது.

"வயித்துல இருக்கிறதுக்கும் அந்த டாக்டர்ட்ட இப்பவே கேட்டுருவோம் மதினி" என்று மித்ராவின் அம்மா பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.