வாரிசுக் கையெழுத்து

"எழுதின ஆளு சாகலையே தம்பி. பின்ன நான் எப்படி வாரிசுன்னு ஒப்பு போடுறது?"

பாண்டிச்செல்வி மதினி போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு. அவங்க புருஷன் பிச்சை அண்ணன் உடம்புக்கு மாலை போட்டவன் நான். மூணு மாசம் ஆகுது.

விஷயம் இதுதான். மருந்து அட்டையைப் போன் முன்னால காட்டினா பேரையும் காலாவதித் தேதியையும் தமிழிலும் மலையாளத்திலும் படிச்சுச் சொல்லுற ஒரு சாஃப்ட்வேர். கண் தெரியாதவங்களுக்காக நான் ஆரம்பிச்சது. ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். சேர்க்கறதும் தள்ளுறதும் என் கையில. அதுல பாதிக்கு மேல எழுதினது பிச்சை அண்ணன். மட்டாஞ்சேரி அரிசிக் குடோன்ல மூட்டை சுமந்தவர். நேர்ல சந்தேகம் கேட்டா "நாளைக்குச் சொல்றேன்"ம்பார். மறுநாள் பதில் டாண்ணு வந்துரும்.

எல்லாம் என் ஒருத்தன் பேர்லயே கிடந்தது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நல்லவேளையா ஒரு அறக்கட்டளை எங்களைச் சேர்த்துக்க ஒத்துக்கிச்சு. பேரு, இணையதளம் எல்லாம் அவங்களுக்கு மாறும். சர்வரை அவங்க பார்த்துக்குவாங்க. ஒரு நிபந்தனையில மட்டும் கறார்: எழுதின ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும், இறந்திருந்தா வாரிசு போடணும். சனிக்கிழமைக்குள்ள வரலேன்னா அந்த ஆள் எழுதினதை முழுசா நீக்கணும்னு அவங்க வக்கீல் மஞ்சுஷா சொல்லிட்டாங்க. பாதியை நீக்கிட்டா மீதி எங்க ஓடும்? இதை நம்பியிருக்கிற ரெண்டாயிரம் பேர் எது எந்த மாத்திரைன்னு தெரியாம தடவிக்கிட்டு உட்காரணும்.

இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம், அண்ணன் பேர்ல ஒரு திருத்தம் வந்துச்சு. அதே நடை. அவர் வழக்கமா கடைசியில எழுதுற "ரெண்டு தடவை பார்த்தாச்சு" வேற. அதுக்கப்புறம் வாரா வாரம். எவனோ கடவுச்சொல்லைத் திருடிட்டான்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். செத்தவர் நடையை எவன் திருடுவான்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் பாரத்தை எடுத்துக்கிட்டு நேராவே போயிட்டேன். நல்ல மழை. குடோனுக்கு மேல அவங்க வீடு. பாதிப் படியிலேயே கேட்டுச்சு, உள்ளே யாரோ கீபோர்டு தட்டுற சத்தம். நான் நின்னேன். சத்தமும் நின்னுச்சு. அடுத்த நொடி என் பையில போன் அதிர்ந்துச்சு. எடுத்தா, புதுசா ஒரு திருத்தம், பிச்சைன்னு பேரு. "ரெண்டு தடவை பார்த்தாச்சு."

கதவைத் தள்ளினேன். அண்ணன் சட்டை தொங்குற நாற்காலி, முன்னால கம்ப்யூட்டர். நாற்காலியில மதினி.

பயம் போன வேகத்துல கோபம் வந்துச்சு. போய்ச் சேர்ந்தவர் பேர்ல விளையாடுறது பாவம் இல்லையா, மனசாட்சியே கிடையாதான்னு பொரிஞ்சு தள்ளிட்டேன். அவங்க பாரத்தை வாங்கி 'வாரிசு'ங்கிற இடத்தை அடிச்சுட்டு, 'எழுதியவர்'ங்கிற இடத்துல தன் பேரை எழுதி ஒப்பு போட்டாங்க.

"கம்ப்யூட்டர் டிப்ளமோ படிச்சது நானாக்கும் தம்பி. பாவம், அவருக்கு இதுல ஒரு வரி தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கறதை உங்ககிட்ட வந்து ஒப்பிப்பார், அவ்வளவுதான்."

என் குரல் இறங்கிடுச்சு. "முதல்லயே உங்க பேர்ல அனுப்பியிருக்கலாமே மதினி?"

"அனுப்பினேனே."

மூணு வருஷத்துக்கு முந்தின பக்கம் ஒண்ணைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினாங்க. பாண்டிச்செல்விங்கிற பேர்ல நாலு வரித் திருத்தம். கீழே என் பதில்: "அக்கா, இது விளையாட்டு இல்ல. போய் அடுப்படி வேலையைப் பாருங்க."

மறுநாள் அதே நாலு வரி, ஒரு புள்ளிகூட மாறாம, பிச்சைங்கிற பேர்ல வந்திருக்கு. அதுக்குக் கீழேயும் நான்தான் எழுதியிருந்தேன்: "அண்ணே, பிரமாதம். இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"